கம்பெனி பஸ்ஸும் குடவோலையும்

உலகக் கல்வி என்று பேச்செடுத்தாலே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் பொதுவாக வரும் பதில் ஒன்றுதான்: "நல்ல விஷயம்தான் சார், போர்ஷனை யார் முடிக்கிறது?" இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2030க்குள் எல்லா மாணவருக்கும் உலகக் குடிமை பற்றிய அறிவு வாய்க்க வேண்டும் என்று ஐ.நா. 2015இல் இலக்கு வைத்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. மேலிருந்து வாசகம் வருகிறது, பீரியட் வருவதில்லை. ஏற்கெனவே நிரம்பி வழியும் டைம்டேபிளில் இன்னொரு பாடத்தைத் திணிக்காதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது சரிதான். ஆனால் உலகக் கல்வி இன்னொரு பாடமாகத்தான் வர வேண்டுமா?

காஞ்சிபுரம் மாவட்டம் மானாம்பதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உலகம் தூரத்தில் இல்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் அவர்கள் தினம் பார்ப்பது. அந்த ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்லாந்து நிறுவனம் தன் செல்போன் தொழிலை அமெரிக்க மைக்ரோசாப்டுக்கு விற்றது. இந்திய வரித்துறையோடு வழக்கு நடந்ததால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. வேலை போனதோ நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு. பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய பொருளியல் பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் கூடுதல் பீரியட் எதற்கு?

வரலாற்றுக்கு உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆளெடுத்த குடவோலை முறையின் விதிகள் அவற்றில் உள்ளன. முப்பது குடும்புகள் (வார்டுகள்), வயது 35க்கு மேல், 70க்குள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும்தான். ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். பண்டைய ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆளெடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 'நாம்தான் முதல்' என்ற பெருமை கொஞ்சம் இறங்கும், வேறொரு கேள்வி எழும்: குடத்தில் யார் பெயர் விழவே வழியில்லை? அங்கே பெண்களும் அடிமைகளும். இங்கே நிலமும் வேதப் படிப்பும் இல்லாத அத்தனை பேரும்.

தமிழே தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு ஏதென்ஸ் எதற்கு என்ற ஆட்சேபணை கனமானது. 2009ஆம் ஆண்டின் பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வை எழுதிய தமிழகம் பட்டியலின் கடைசி வரிசையில் நின்றதை மறக்க முடியாது. ஆனால் ஆலை மூடிய செய்தியைப் படித்துக் காரணத்தை நாலு வரியில் எழுதச் சொல்வதும் வாசிப்புப் பயிற்சிதானே? இதைவிடப் பெரிய தடை, ஆசிரியர்கள் சத்தமாகச் சொல்லாத பயம் என்றே நினைக்கிறேன். யார் பெயர் விழவில்லை என்று கேட்டால் பேச்சு சாதிக்குப் போகும். மறுநாள் யாராவது ஹெச்.எம். அறைக்கு வந்து நிற்பார்கள். பயிற்சி வகுப்பும் கையேடும் இந்தப் பயத்தைப் போக்காது. பொதுத்தேர்வுத் தாளிலேயே குடவோலையையும் ஏதென்ஸையும் ஒப்பிடச் சொல்லி ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தால், வந்து நிற்பவரிடம் ஆசிரியர் வினாத்தாளைக் காட்டலாம்.