கடலில் அடக்கக் கூடாத நான்கு!

காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் இருக்காது. கல்லணையை ஒட்டிய எங்கள் பூதலூர் வட்டாரத்தில், ஆற்றிலும் வாய்க்காலிலும் குதித்துக் குதித்தே பிள்ளைகள் நீச்சல் பழகிவிடுவார்கள். ஆனால் ஆற்று நீச்சல் வேறு, கடல் வேறு. ஆற்றில் எவ்வளவு தூரம் போனாலும் கரை இரண்டு பக்கமும் கூடவே வரும். கடலில் கரை ஒரு பக்கம்தான். அதையும் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும்.

இப்போது நடுத்தரக் குடும்பங்களில்கூட லீவு விட்டால் 'கயாக் ஓட்டப் போகலாம்' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிச்சாவரம், கோவளம், ராமேஸ்வரம் என்று பல இடங்களில் இந்தச் சிறு படகு வந்துவிட்டது. வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்திக் கட்டிய வேட்டைப் படகுதான் இது. இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. இரண்டு முனையிலும் தட்டை உள்ள துடுப்பால் மாறி மாறித் தள்ள வேண்டும். நல்ல விளையாட்டு, நல்ல உடற்பயிற்சி. ஆனால் உடம்பு சொல்வதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மே மாதத்தில் ராமேஸ்வரத்தில் நான் நேரில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

காற்றைப் பார்த்துப் புறப்பட்டோம்

எங்கள் பக்கம் மே மாதம் வயல் சும்மா கிடக்கும் காலம். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் ஒரு நாள் போய்வரலாம் என்று நால்வர் கிளம்பினோம். பள்ளி ஆசிரியர் ஒருவர், ரைஸ் மில் வைத்திருக்கும் நண்பர், அவருடைய கல்லூரியில் படிக்கும் மகள், நான். ஆண்கள் மூவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள்!

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இப்போது ரயில் போகிறது. தீவுக்குள் நுழைந்தால் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்றன. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்.

ஓலைக்குடா கரையில் காலை ஆறு மணிக்கு இறங்கினோம். கரையே பழைய பவளக்கல். கல்லும் பள்ளமுமாகக் கிடக்கும். தண்ணீரோ கண்ணாடி போல் இருந்தது. வழிகாட்டியாக வந்த மீனவ இளைஞர் முதலில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியும் தம்பி" என்றார் மில்லுக்காரர். "தெரியட்டும்ண்ணே, மயக்கம் வந்தா நீச்சல் மறந்துடும். மாட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. "இது தென்காத்துக் காலம். காலைல லேசா இருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். முதல்ல காத்தை எதிர்த்துச் சங்குமால் பக்கம் போவோம். திரும்புறப்போ அதுவே நம்மளைக் கொண்டாந்து விட்டுடும்."

வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றோடு போவது சுலபம். உற்சாகத்தில் தூரமே தெரியாது. களைத்துப்போன பிறகு எதிர்க்காற்றில் திரும்புவதுதான் ஆபத்து. அதைவிட மோசம், கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. கரையோரம் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும். சற்று உள்ளே போனால் இழுத்துக்கொண்டு போகும்.

சித்தர்கள் சொன்ன வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் என்று உடம்பு தானாக எழுப்பும் உணர்வுகள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது கருத்து. நீர்வேட்கை, சிறுநீர், வாந்தி, இளைப்பு ஆகிய நான்கும் அந்தப் பதினான்கில் அடக்கம். கடலில் மனிதர்கள் அடக்குவதும் இதே நான்கைத்தான்! எங்கள் நான்கு பேரில் மூன்று பேர் அன்று இதைச் செய்தார்கள்.

முதலாவது, இரண்டாவது: தாகமும் சிறுநீரும்

மில்லுக்காரர் மகள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விசாரித்தால், "நடுக்கடல்ல பாத்ரூம் வந்தா என்ன பண்றது அங்கிள்?" என்றாள். நம் வீட்டுப் பெண்கள் பஸ் பயணத்திலும் இதைத்தானே செய்கிறார்கள்! தாகத்தை அடக்குவது சிறுநீரை அடக்குவதற்காக. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். எரிச்சல், தொற்று, கல் எல்லாவற்றுக்கும் அது வாசல் திறந்து வைத்ததுபோல். இதற்கு வழி எளிது. புறப்படும் முன் கழிப்பிடம் போய்வாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையில் ஒதுங்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடலில் இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். வியர்வையைக் காற்று உடனே உலர்த்திவிடுவதால், வியர்த்ததே தெரியாது. குளுகுளுவென்று இருக்கும், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி. ஆகவே தாகம் வரும்வரை காத்திருக்காமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். நீர்மோர், இளநீர் நல்லது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டி அளந்து கலந்து வைத்துக்கொண்டால் அதுவே உப்பு-சர்க்கரைக் கரைசல். சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

கடல் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அதில் இருக்கிறது. அந்த உப்பை வெளியேற்ற, உடம்பு குடித்ததைவிட அதிகத் தண்ணீரை இழக்க நேரும்.

மூன்றாவது: வாந்தி

சங்குமால் பக்கம் படகை நிறுத்திவிட்டு, ஆசிரியர் குனிந்து தண்ணீருக்கடியில் பவளப் பாறையை வேடிக்கை பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் முகம் வெளுத்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். சின்னப் பெண் முன்னால் வாந்தி எடுப்பதா என்ற கூச்சம்!

படகு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத பாறையைப் பார்க்கிறது. இந்த இரண்டு செய்தியும் மூளையில் மோதும்போது குமட்டுகிறது. துடுப்புப் போடும்போது குறைவு. நின்று குனியும்போது அதிகம். நிமிர்ந்து தொலைவிலுள்ள கரையையோ அடிவானத்தையோ பாருங்கள். வாந்தி வந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள்.

என் கைமருந்து சுக்குதான். புறப்பட அரை மணி முன்பு கால் டீஸ்பூன் சுக்குத்தூளைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். காலைச் சாப்பாடு இரண்டு மூன்று இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வழக்கம். அந்த நாளில் கடலும் வேண்டாம்.

நான்காவது: இளைப்பு

மூட்டை தூக்கிப் பழகிய மில்லுக்காரர், கை பலத்திலேயே துடுப்பை இழுத்தார். அது முறையல்ல. காலைப் படகில் ஊன்றி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் தோள்பட்டையும் முதுகும் அன்றே கணக்குத் தீர்க்கும். ஒரு மணி நேரத்தில் அவர் வேகம் குறைந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க. அக்னி தீர்த்தம் வரைக்கும் போயிடலாம்" என்றார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?" பதில் வரவில்லை. காலையில் ரத்தக்கொதிப்புக்காகச் சாப்பிட்டிருந்தது சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரை. தலைவலி, கண் இருட்டுகிறது என்பதெல்லாம் மகள் அதட்டிய பிறகுதான் வெளியே வந்தது. வழிகாட்டி மறு பேச்சுப் பேசாமல் எல்லோரையும் திருப்பினார். அதற்குள் தென்காற்று வலுத்திருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால்! துடுப்பை அவ்வப்போது தொட்டாலே போதும், கரை வந்துவிட்டது. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஈரத்துண்டு போட்டு, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அரை மணியில் எழுந்து உட்கார்ந்தார். இதே நிலையில் எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருந்தால்? நினைத்துப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்படி வெயிலில் போகப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி யோசனை கேளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தாழ்சர்க்கரைக்காகக் குளுக்கோஸ் கையில் வைத்திருக்க வேண்டும்.

பேச்சுக் குழறல், குழப்பம், உடம்பு அனலாய்க் கொதிப்பது, நினைவு தப்புவது... இவை வெப்பத்தாக்கு. உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கிளம்பும் முன்...

* லைஃப் ஜாக்கெட் அளவாக, வார் இறுக்கி மாட்ட வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் இது உண்டு.

* தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். போனைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

* பாதி பலம் தீரும் முன்பே திரும்புங்கள். மீதிப் பாதி கரைக்குச் சேர வேண்டியது.

* முழுக்கைச் சட்டை, தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு அவசியம். பவளக்கல் கிழித்தால் சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். இதற்கு மஞ்சள் பற்று மட்டும் போதாது. சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்!

* உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

அன்று அந்தப் பெண் அப்பாவிடம் சொன்னாள்: "முதல்லயே சொல்லியிருந்தா நிழல்ல உக்காந்து எல்லாருமா இளநீர் குடிச்சிருக்கலாம்ப்பா." அவளும் தண்ணீர் குடிக்காமல்தான் வந்தாள் என்பதை ஆசிரியர் ஞாபகப்படுத்தினார்; சிரித்துக்கொண்டே பாட்டிலைக் காலி செய்தாள்.

கடல் வரைக்கும் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். கல்யாண மண்டபத்தில், நெடுந்தூர பஸ்ஸில், ஆபீஸ் மீட்டிங்கில் தாகத்தையும் சிறுநீரையும் களைப்பையும் அடக்கிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லப் பழக்குங்கள்.