பெர்ரி நகரத்தில் மூன்று குளிர்காலம்

வீரவநல்லூர் நெசவாளர் தெருவொன்றில், வெயில் ஏறுவதற்கு முன்பே குழித்தறியில் இறங்கி உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர், வலக்கையால் கயிற்றைச் சுண்டி இழுக்க, தார் பொருத்திய நாடா பாவின் நடுவே இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடிப் பெட்டிக்குள் மோதி நிற்பதையும், மறு இழுப்பில் அதே வேகத்தோடு திரும்பி வருவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கை தொடாமலே நாடாவை ஓட்டுகின்ற அந்த யுக்தியை 1733-ஆம் ஆண்டில் பதிவு செய்தவர் ஜான் கே என்ற ஆங்கிலேயர். லங்காஷயர் பிரதேசத்தில் பெர்ரி என்ற ஊரையடுத்துப் பிறந்தவர். தம் கருவியை வைத்துப் பிழைத்த முதலாளிகள் உரிய பணத்தைக் கொடுக்க மறுத்தபடியால், அவர் மனம் கசந்து பிரான்ஸ் தேசத்துக்குப் போய், அந்நிய மண்ணிலேயே காலமானார்.

அந்தப் பெர்ரியின் பெயரை நம் தேசத்தில் பலரும் கேட்டது 1999-இல்தான். அதுவும் நெசவை முன்னிட்டல்ல, கால்பந்தை முன்னிட்டு. சிக்கிம் மலைநாட்டில் டிங்கிடாம் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பைச்சுங் பூட்டியா, அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி பெர்ரி கால்பந்துக் கழகத்தோடு மூன்று வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டார். அதற்கு முன் 1936-இல் கல்கத்தாவின் முகமது சலீம், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடிப் பார்த்தோரை வியக்க வைத்து, ஊர் நினைவு வாட்டத் திரும்பிவிட்டார்; ஆயினும், ஐரோப்பியக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியர் பூட்டியாவே.

பாபநாசத்துத் தாமிரபரணி நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நிறுவிய பஞ்சாலையின் சங்கொலியைக் கேட்டே வேளை அறிந்த விக்கிரமசிங்கபுரத்தார்க்குப் பெர்ரியின் ஜாதகத்தை விளக்க வேண்டியதில்லை. அதுவும் இர்வெல் என்ற ஆற்றங்கரையில் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்தான். பூட்டியாவுக்கும் ஆலைக்காரர் சகவாசம் புதிதல்ல. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. துணியாலை அணிக்காக அவர் ஆடிய 1996-97 பருவத்தில்தான், அவ்வணி முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது. பிறகு 1997 ஜூலையில் கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், 1,31,000 பேருக்கு மேல் கூடியிருந்த ஜனசமுத்திரத்தின் முன்னிலையில், ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார்.

அப்பேர்ப்பட்ட ஆரவாரத்தைக் கேட்ட செவிகளோடு அவர் போய்ச் சேர்ந்த பெர்ரியின் கிக் லேன் மைதானத்திலோ, முழுக்க நிரம்பினாலும் 12,000 பேர் கொள்ளமாட்டார்கள்; கழகம் ஆடியதும் இங்கிலாந்தின் மூன்றாம் படித்தரத்தில். அந்த இடத்துக்கும் ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா ஆகிய கழகங்களில் சோதனைக்கு நின்று, கைகூடாமல் போன பின்னரே அவர் வந்தார். அக்டோபர் 3-ஆம் தேதி கார்டிஃப் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். முதல் கோல் அடித்ததோ 2000 ஏப்ரல் 15-ஆம் தேதி, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே கிடக்கும் ஆறு மாதத்தைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். தரையோடு தரையாகப் பந்தைக் கொண்டுபோய்ச் சட்டென்று திரும்பி அடிக்கும் வித்தையில் தேர்ந்த ஒரு மனிதர், ஆகாயத்தில் தூக்கியடிக்கும் பந்துக்கு ஆறடிக்கு மேற்பட்ட தடுப்பாட்டக்காரர்களோடு தோள் மோதி எழும்ப வேண்டிய ஆட்டத்தை, குளிரிலும் சேற்றிலும், பாஷையும் சாப்பாடும் வேறான ஊரில், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், ஆனா ஆவன்னாவிலிருந்து கற்றுக்கொள்வது லேசான காரியமா? நம் பிள்ளைகள் பம்பாய்க்குக் கடை உத்தியோகத்துக்குப் போன முதல் வருஷத்தில் எழுதிய கடிதங்களைப் படித்த தாய்மார்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

மூன்றாம் பருவத்தில் முழங்கால் காயம் படுத்தியது. 2002-இல் ஒளிபரப்புத் தொகை தரவேண்டிய தொலைக்காட்சி நிறுவனம் மூழ்கிப்போகவே, ஏற்கெனவே கடனில் தத்தளித்த பெர்ரி கழகம் நிர்வாகியின் கைக்குப் போயிற்று. அந்தப் பருவத்திலேயே ஒரு படி கீழும் இறங்கிற்று. பூட்டியா இந்தியா திரும்பி மோகன் பகானில் சேர்ந்தார். பெர்ரிக்காக ஆடிய லீக் ஆட்டங்களில் அவர் கணக்கில் எழுதப்பட்டவை மூன்றே கோல்கள். அதைக் கொண்டு அவர் தோற்றுத் திரும்பினார் என்று பேசுவோரின் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 2009-இல் சுனில் சேத்ரி லண்டன் கியூ.பி.ஆர். கழகத்தோடு ஒப்பந்தம் செய்தும், உலக வரிசையில் இந்தியா முதல் எழுபது இடங்களுக்குள் இல்லை என்ற காரணத்தால் வேலை அனுமதி மறுக்கப்பட்டு, அவர் ஒரு நாள்கூட அங்கே ஆட முடியாமற் போயிற்று. வாசற்படியே அத்தனை உயரமான வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்தவரைப் பற்றியல்லவா பேசுகிறோம்! பெர்ரி கழகத்தையே, கடன் தீராத காரணத்தால், 2019-இல் லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். பூட்டிக் கிடந்த கிக் லேனை மீட்டு, 2023-இல் மறுபடி ஆட்டம் நடக்கச் செய்தவர்கள் அதன் அபிமானிகள்.

அன்று மாலை தறிவீட்டிலிருந்து திரும்பும்போது, கன்னடியன் கால்வாய்க் கரையோரம் பிசான அறுப்பு முடிந்த வயலில், அரிதாள் குத்துவதையும் பொருட்படுத்தாமல் வெறுங்காலோடு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒருவன் மான்செஸ்டர் கழகத்தின் பெயர் எழுதிய சிவப்புச் சட்டை போட்டிருந்தான். மான்செஸ்டரை அடுத்து பெர்ரி என்று ஓர் ஊர் உண்டு, நம்மவர் ஒருவர் மூன்று வருஷம் அங்கே ஆடினார் என்று சொன்னேன். "அவுக எந்தக் கால்ல அடிப்பாக, அண்ணாச்சி?" என்று கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் பந்து வரப்பைத் தாண்டி வந்து விழ, அதன் பின்னே ஓடிவிட்டான்.