நெட் இல்லாத நான்கு நாட்கள்

"நெட் இல்லாவிட்டால் இந்தக் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு என்ன சார் செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நானும் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்து வந்தேன். 2024 டிசம்பரில் என் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்து நின்றது.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அரையாண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. இரண்டாவது நாள், தெருமுனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். "நாளைக்கு வந்துவிடும் சார்" என்றார்கள். நான்கு நாட்கள் ஆயின.

முதல் நாள் முழுக்க அவள் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பிரவுசரைத் திறந்து பார்த்தாள். நெட் இல்லாதபோது கூகுள் குரோமில் ஒரு சிறிய டைனோசர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது ஓடத் தொடங்கும். கள்ளிச் செடி வரும்போது மீண்டும் தட்டித் தாண்ட வைக்க வேண்டும். நெட் இல்லாத நேரத்துச் சலிப்பைப் போக்குவதற்காகவே 2014இல் சேர்க்கப்பட்ட விளையாட்டு அது. மாலைக்குள் அதுவும் அவளுக்குச் சலித்துவிட்டது.

"அப்பா, போர் அடிக்குதுப்பா. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்கப்பா."

போன் என் கையில்தான் இருந்தது. மறுநாள் அனுப்ப வேண்டிய கட்டுரை ஒன்று எனக்குப் பாதியில் நின்றது. வீடு அமைதியாக இருந்தால் முடித்துவிடலாம். ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யப் போனபோது பார்த்தால், டேட்டா தீர்ந்திருந்தது. கட்டுரை எழுதாமல் அதுவரை நானே வீடியோ பார்த்துத் தீர்த்திருந்தேன்! ஆகவே இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் டிமோதி வில்சன் என்ற உளவியல் பேராசிரியரின் குழு, ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார வைத்தது. கையருகே ஒரு பட்டன். அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே அதிர்ச்சி கொடுத்துக் கொண்டார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது. என் மகள் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பிரவுசரைத் திறந்ததில் என்ன வியப்பு!

அதே ஆண்டில் இங்கிலாந்தில் சாண்டி மான், ரெபெக்கா காட்மன் ஆகியோர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நம் விஷயத்திற்கு நெருக்கமானது. டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களை 15 நிமிடம் காப்பி செய்யும்படி ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். பிறகு, இரண்டு பிளாஸ்டிக் கப்புகளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். சலிப்பூட்டும் வேலையைச் செய்தவர்களே அதிக யோசனைகளைச் சொன்னார்கள். கப்புக்குப் பயன் சொல்வதும் கற்பனைத் திறனும் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அடுத்து நடந்ததைப் பார்த்த பிறகு அதை முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டாம் நாள் மார்கழிக் கோலம் போட என் அம்மா தன் பழைய கோல நோட்டை எடுத்தார். பென்சில் கோடுகள் மங்கி, தாள்கள் விளிம்பில் உதிர்ந்து கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத மகள் அதைப் புரட்டினாள். பிறகு கம்ப்யூட்டரில் எக்ஸெல் புரோகிராமைத் திறந்தாள். கட்டம் கட்டமாக இருந்ததால் திறந்தாளாம்.

முதலில் கட்டங்களைச் சதுரமாக்கினாள். நீங்களும் செய்து பார்க்கலாம். கண்ட்ரோல் கீயுடன் ஏ கீயை அழுத்தி எல்லாச் செல்களையும் தேர்ந்தெடுக்கவும். ஹோம் டேப்பில் பார்மட் என்பதைக் கிளிக் செய்து, காலம் விட்த் என்ற இடத்தில் 2 என்று டைப் செய்து ஓகே கொடுக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை இலவசமாகப் பெறலாம். நெட் இருக்கும்போதே இறக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

கோலம் 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை. செல்லுக்கு ஒரு புள்ளியாக வைத்துக் கொண்டே போனாள். இரண்டாவது வரியிலேயே சிக்கல். "அடுத்த வரிசைப் புள்ளி இடையில விழணும்டி, நேருக்கு நேர் வைக்கக் கூடாது" என்றார் அம்மா. அரைக் கட்டம் நகர்த்த எக்ஸெலில் வழி ஏது? அரை மணி நேரம் திரையை முறைத்துக் கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லித் தர ஆசைதான். உண்மையில் எனக்கே தெரியவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள். ஒரு செல் விட்டு ஒரு செல்லில் புள்ளி வைத்தால், அடுத்த வரியில் ஒரு செல் தள்ளித் தொடங்கினால் போதும். 15 புள்ளிக்கு 29 காலம். நடு வரியில் 15, மேலும் கீழும் 14, 13 என்று 8 வரை. இன்செர்ட் டேப்பில் ஷேப்ஸ், அதில் கர்வ் எடுத்துக் கோடுகளை வளைத்தாள். இரவு பத்து மணிக்கு முதல் கோலம் முடிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்து, ஓர் இடத்தில் கோடு தவறாகத் திரும்பியிருப்பதைச் சுட்டிக் காட்டினார். கண்ட்ரோல் + இசட் கொடுத்துக் கொடுத்துத் திருத்தினாள். நான்காம் நாளுக்குள் மூன்று கோலங்கள் பைலாகிவிட்டன.

விடுமுறை வாரத்தில் இப்படி உருவானவற்றில் உலகப் புகழ் பெற்ற ஒன்றும் உண்டு. 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராசம், கிறிஸ்துமஸ் வாரத்தைப் போக்க ஒரு பொழுதுபோக்கு வேலையைத் தேடினார். அலுவலகம் மூடியிருக்கும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. செய்ய வேறு அதிகம் இல்லை. அப்போது எழுதத் தொடங்கியதுதான் பைத்தான் கம்ப்யூட்டர் மொழி. 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். இன்று நம் பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் படிப்பது அதைத்தான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அதற்கு முன்பே ஏபிசி என்ற மொழியை உருவாக்கியவர்களுடன் வேலை செய்து, அதன் குறைகளை அறிந்திருந்தார். சலிப்பு மட்டும் இருந்தால் பைத்தான் வந்திராது. மகளுக்கும் அந்த நோட்டும் அருகில் பாட்டியும் இருந்தார்கள்.

உங்கள் வீட்டில் கேபிள் அறுந்து போகக் காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் 11இல் விண்டோஸ் கீயுடன் ஏ கீயை அழுத்தினால் வரும் சிறிய கட்டத்தில் வை-பை பட்டனைக் கிளிக் செய்தால் இணைப்பு நின்றுவிடும். வயர் வழியாக நெட் வருகிறது என்றால் வயரையே உருவிவிடுங்கள். முழுதாக நிறுத்த மனமில்லையா? விண்டோஸ் கீயுடன் என் கீயை அழுத்தி, மணி போன்ற படத்தில் கிளிக் செய்யவும். குறுக்கே வந்து விழும் அறிவிப்புகளாவது நிற்கும். முதல் அரை மணி நேரம் வீட்டில் சண்டை நடக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க நடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கேபிளை ஒட்ட வைத்துவிட்டார்கள். மகளின் போல்டரில் கோலம்4 என்ற பைல் இருக்கிறது. அதில் புள்ளிகள் மட்டும் உள்ளன. கோடுகளை எப்போது போடப் போகிறாள் என்று அம்மா இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்.