பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கியாச்சு – உள்ளே எந்தப் பேரேடு போடுவது?



குழுக் கணக்கு, கடன் மனு, கூட்டப் போட்டோ, பீங்கான் பொம்மைகளின் டிசைன், பயிற்சி வீடியோ எல்லாமே இப்போ கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. இடம் பத்தாமல் 1 டிபி, 2 டிபி என்று பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குகிறோம். (1 டிபி என்றால் 1000 ஜிபி.) அதை ஃபார்மேட் செய்யும்போது "எந்த ஃபைல் சிஸ்டம்?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். பல பேர் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். அதில் என்ன இருக்கு என்று பார்ப்போமா?

ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன?

நம்ம குழுவில் பேரேடு இருக்கிறது. யார் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று அதைப் பார்த்தால் தெரியும். பேரேடு இல்லாவிட்டால் பணம் பெட்டியில் இருந்தும் யாருடையது என்று சொல்ல முடியாது. டிஸ்க்குக்குள் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் பேரேடுதான் ஃபைல் சிஸ்டம்.

நாம் அடிக்கடி பார்ப்பது நான்கு வகை:

1. ஃபேட் 32: 1996-ல் வந்த பழைய முறை. டிவி, பழைய பிளேயர் எல்லாம் படிக்கும். ஆனால் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் ஏற்காது. டிஸ்க்கில் 900 ஜிபி காலியாக இருந்தாலும், நீளமான பயிற்சி வீடியோ ஏறாமல் நிற்பது இதனால்தான்.

2. என்டிஎஃப்எஸ்: 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்தது. பெரிய ஃபைலும் ஏறும். மாற்றம் செய்யும் முன் ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்துகொள்ளும். அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் மட்டும் கெடலாம்.

3. எக்ஸ்ஃபேட்: 2006-ல் வந்தது. பெரிய ஃபைல் ஏறும். விண்டோஸ், மேக், புதிய லினக்ஸ் எல்லாம் படிக்கும், எழுதும். ஆனால் மேலே சொன்ன குறிப்பு வசதி இதில் இல்லை. எழுதும்போதே வயரைப் பிடுங்கினால் ஆபத்து அதிகம்.

4. இஎக்ஸ்டி4: 2008-லிருந்து லினக்ஸில் நடைமுறையில் இருப்பது. இதிலும் குறிப்பு வசதி உண்டு. ஆனால் விண்டோஸுக்கு இந்தப் பேரேட்டைத் தானாகப் படிக்கத் தெரியாது.

இங்கேதான் கவனம் வேணும்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதனால் லினக்ஸ் நமக்குத் தொலைவான விஷயம் இல்லை. லினக்ஸில் இஎக்ஸ்டி4 போட்ட டிஸ்க்கை விண்டோஸில் சொருகினால், "இதை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து 'சரி' அமுக்கினால் பேரேடு அழிந்துபோகும். பல வருஷக் கணக்கைத் திரும்ப எடுப்பது மிகவும் கஷ்டம். எப்போது இப்படிக் கேட்டாலும் 'வேண்டாம்' சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

* விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் கணக்கு வைப்பவர்களுக்கு என்டிஎஃப்எஸ்.
* மேக், லினக்ஸ், விண்டோஸ் என்று பல இடத்துக்கு டிஸ்க் போய் வந்தால் எக்ஸ்ஃபேட்.
* லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாக இருக்கும் டிஸ்க் என்றால் இஎக்ஸ்டி4.
* பழைய டிவிக்குப் போகும் சின்ன பென் டிரைவ் என்றால் ஃபேட் 32.

டிஸ்க் 2 டிபியைத் தாண்டினால், ஃபார்மேட்டுக்கு முன் கேட்கும் இடத்தில் 'ஜிபிடி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எம்பிஆர்' போட்டால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீணாகும்.

இதை டிஸ்க் காலியாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். பச்சை மண்ணாக இருக்கும்போது பொம்மையின் மூக்கைத் திருத்தலாம், சூளையில் வெந்த பிறகு முடியாது என்பது விருத்தாசலத்துக்காரங்களுக்குத் தெரியாதா? டிஸ்க் நிறைந்த பிறகு வேறு முறைக்கு மாற வேண்டுமென்றால், பெரும்பாலும் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபார்மேட் செய்ய முடியும்.

இப்போது இருக்கும் டிஸ்க்கில் என்ன முறை என்று பார்க்க, விண்டோஸில் டிஸ்க் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அமுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஃபைல் சிஸ்டம்' என்ற இடத்தில் எழுதியிருக்கும்.

மறக்கக் கூடாதவை

* 'எஜெக்ட்' கொடுத்த பிறகே வயரை எடுக்க வேண்டும்.
* டிஸ்க்கின் மேல் ஃபைல் சிஸ்டத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.
* கணக்கு எப்போதும் இரண்டு டிஸ்க்கில், இரண்டு இடத்தில் இருக்கட்டும். டிஸ்க்கே பழுதானால் எந்த ஃபைல் சிஸ்டமும் காப்பாற்றாது.

கையால் எழுதும் பேரேட்டை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோமோ, அதே அக்கறை இந்தப் பேரேட்டுக்கும் வேணும். அடுத்த கூட்டத்தில் ஊக்குநர், பிரதிநிதி எல்லோரும் உங்கள் குழு டிஸ்க் எந்த வகை என்று பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.