கல்லும் நாங்களும் – 11: வேரில்லாத மரங்கள்

மண்டகப்பட்டில் விட்டேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் மும்மூர்த்திக்குக் குகைக்கோயில் குடைந்துவிட்டு, அதைக் கல்லிலேயே எழுதியும் வைத்த மகேந்திரவர்மனைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் உங்களைச் செஞ்சியில் ராஜகிரி மேல் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தேன். ராஜகிரி எண்ணூறு அடிக் கருங்கல் மலை. ஒரு வாரம் தள்ளிப்போனால் தேய்ந்துவிடாது. எனக்கு இப்போது திருவக்கரையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லி முடிக்காமல் வேறெதுவும் எழுத வராது போலிருக்கிறது. ஆசிரியர் வேறு போன் மேல் போன் போடுகிறார்.

எங்கள் வீட்டு ஒப்பந்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குகை, குன்று, கோட்டை எல்லாம் என் கணக்கு. பச்சையாக இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரர் கணக்கு. ஒரு கல்லைப் பார்த்தால் அடுத்து ஒரு தோட்டம். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மனிதரோடு ஊர் சுற்றக் கிளம்பினால் இதற்குச் சம்மதித்துத்தான் ஆக வேண்டும். திண்டிவனத்தைத் தாண்டும்போதெல்லாம் வேர்க்கடலைப் பாடமும் கேட்டாக வேண்டும். அங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்ற மூன்றெழுத்துதான் முன்னால் வரும், திண்டிவனம் என்பதன் சுருக்கம். டி.எம்.வி. 7 என்ற கடலையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கூட்டேரிப்பட்டு வரைக்கும் நிறுத்த மாட்டார். கடலை முடிந்தால் எள்ளு ரகங்கள்.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கம் திரும்பினோம். மலை மேல் முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டோம் (என் முழங்கால் செஞ்சிக்காகப் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது). ஜல்லி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் திருவக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

சண்டை வாசலிலேயே ஆரம்பித்தது. அந்த இடத்தின் பெயர் தேசியக் கல்மரப் பூங்கா. "பூங்கான்னு இருக்கு பாரு. இது என் கணக்கு" என்றார் அவர்.

"முன்னாடி கல்லுன்னும் இருக்குதுங்க" என்றேன்.

"அதுக்கு அடுத்து மரம்னு இருக்கே."

கம்பி வேலிக்குள் செம்மண் மேடு. மேடெங்கும் அடிமரங்கள் பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் கிடக்கின்றன. சிறியது மூன்று மீட்டர், பெரியது பதினைந்து மீட்டர் நீளம். பூங்காவின் மொத்தப் பரப்பு 247 ஏக்கர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பராமரிக்கிறது. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு, புயலில் சாய்ந்ததை யாரோ அறுத்துப் போட்டுவிட்டு எடுத்துப்போக மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கணு தெரிகிறது. வளர்ச்சி வளையம் தெரிகிறது. மரப்பட்டை உரிந்த இடத்தில் இருக்கும் நார் ஓட்டம்கூடத் தெரிகிறது. விரலால் தட்டினால் ணங்கென்று கல். வயது இரண்டு கோடி ஆண்டு. இமயமலை இன்னும் எழும்பிக்கொண்டிருந்த காலம். மனிதன் என்ற பிராணியே கிடையாது. மண்டகப்பட்டுக் குகைக்கு ஆயிரத்து நானூறு வயது என்று போன வாரம் வாயைப் பிளந்தேன் அல்லவா, இது அதைப்போலப் பதினாலாயிரம் மடங்கு.

நான் இப்படிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "எல்லாம் சரி, ஒண்ணுத்துக்கும் வேர் இல்லையே" என்றார். கொஞ்சம் நின்று, "கிளையும் இல்ல" என்றார்.

நான் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், இது கண்ணில் படவேயில்லை. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டுவது இந்த ஒரு விஷயம்தான். இவ்வளவு பெரிய அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒன்றிலாவது வேர்க்கொத்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாமா? புவியியலாளர்கள் இதை வைத்துத்தான் கதையின் முதல் பாதியையே எழுதியிருக்கிறார்கள். இந்த மரங்கள் திருவக்கரையில் முளைத்தவையே அல்ல. வேறெங்கோ மேட்டில் காடாக நின்றவை. பெருவெள்ளம் பெயர்த்து, உருட்டி, மோதி, வேரையும் கிளையையும் வழியெல்லாம் உதிர்த்து, வெறும் அடிமரத்தைக் கொண்டுவந்து இங்கே மணலில் தள்ளியிருக்கிறது. அதன் மேல் அடுத்த வெள்ளத்தின் மணல், அதற்கு மேல் இன்னும் மணல். காற்றுப் புகாததால் மரம் மக்கவில்லை. மணலுக்குள் ஊறிய நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து படிந்தது. மரப்பொருள் போகப் போக அந்த இடத்தை சிலிக்கா பிடித்தது. அவசரமே இல்லாத வேலை என்பதால் ஒரு வளையம்கூடக் கலையவில்லை. கடைசியில் மரத்தின் வடிவம் மட்டும் மரத்தினுடையது, பொருள் முழுக்கக் கல்.

என்னென்ன மரங்கள் என்பதையும் உள்ளமைப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசியிலை மர வகை இருக்கிறது. புளி, கொன்றைக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், மருத மரத்தின் குடும்பம் எல்லாம் இருக்கின்றன. இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. வாசலில் போட்ட வழக்கில் தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

இந்த மரங்களை முதலில் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா. பாண்டிச்சேரியில் இருந்தவர், 1781இல் இங்கே வந்து பார்த்திருக்கிறார். இந்தியாவிலும் சீனாவிலும் சுற்றியதைப் பற்றிய அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தேடிப்போனால், நம்முடைய மலைக்காடுகளில் விடியற்காலையில் கத்தும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியில் போய் நிற்கிறது. அதன் அறிவியல் பெயர் காலஸ் சொன்னெராட்டி. அலையாத்தி மர இனம் ஒன்றுக்கும் சொன்னெராவின் பெயர்தான். மண்டகப்பட்டுக் கல்வெட்டை உலகறியச் செய்த ழூவோ துப்ராயும் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரரே என்பதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும், பக்கம் போதவில்லை. விழுப்புரம் ஜில்லாவின் கல்லை எல்லாம் பாண்டிச்சேரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் போவது வேறு காரணத்துக்கு.

மரங்கள் புதைந்திருக்கும் மணற்கல்லுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். இதே மணற்கல் அடுக்கைத் தெற்கே பிடித்துக்கொண்டு போனால் நெய்வேலி வருகிறது. அங்கே இதற்கு அடியில் படுத்திருப்பது பழுப்பு நிலக்கரி. 1934இல் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தன் நிலத்தில் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதையை நெய்வேலியில் எந்தக் குழந்தையும் சொல்லும். அதுவும் ஒரு காலத்துக் காடுதான். சதுப்பில் அமுங்கியது கரியாகி நம் வீட்டு விளக்கை எரிக்கிறது. மணலில் சிலிக்கா ஏறியது கல்லாகித் திருவக்கரையில் கிடக்கிறது. நாலு மாவட்டத்துக்குள் காட்டுக்கு இப்படி இரண்டு விதிகள்! பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்க் கல்மரத்தைச் சொல்லாமல் விட்டால் கடிதம் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அது இதையும் தூக்கிச் சாப்பிட்ட கிழம், பன்னிரண்டு கோடி ஆண்டு. அதற்குத் தனி வாரம் உண்டு.

ஊர்க்காரர்களிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வக்கிராசுரனைத் திருமால் வதைத்தார்; அவனுடைய எலும்புகள்தான் இவை. பக்கத்துச் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் சந்நிதிக்கு வெளியே வக்கிரகாளி உட்கார்ந்திருப்பது அந்தக் கதையின் தொடர்ச்சி, அசுரனின் தங்கையை வதைத்தவள் அவள். பௌர்ணமி இரவில் அவளுடைய ஜோதி தரிசனத்துக்கு வருகிற கூட்டத்தைச் சமாளிக்கத் தனி பஸ் விட வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் கல்மரத்தை எட்டிப் பார்ப்பவர்கள் சொற்பம். எனக்கென்னவோ எலும்புக் கதையை ஏளனம் செய்ய மனம் வரவில்லை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்று இங்கே கல்லாகிக் கிடக்கிறது என்பதை சொன்னெராவுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

கோயிலில் மும்முக லிங்கம். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி எதுவும் மூலவரோடு நேர்க்கோட்டில் இல்லை. இவற்றை விட நான் அதிக நேரம் நின்றது செம்பியன் மாதேவிக்காக. செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லால் மாற்றிக் கட்டியதே அந்த அம்மாளின் வாழ்நாள் வேலை; திருவக்கரையும் அவர் கையால் கற்றளியானதுதான். கணவர் கண்டராதித்த சோழர் சீக்கிரம் போய்விட்டார். பிறகு பல பத்தாண்டுகள் தனியாகவே கட்டிக்கொண்டிருந்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரில் கோயில் எடுத்து, அவர் சிவலிங்கத்தை வழிபடுவதாகச் சிற்பமும் வைத்தார். இதைச் சொன்னபோது, "எனக்கு அதெல்லாம் வேணாம்மா, ஒரு பூவரசு வெச்சுத் தண்ணி ஊத்து, போதும்" என்றார் இவர்.

செங்கல் கல்லான கோயிலும் மரம் கல்லான மேடும் ஒரே ஊரில் இருக்க, மரமே வேண்டாம் என்று கல்லுக்குப் போன மகேந்திரவர்மன் மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறான். மரம் அழிந்துவிடும் என்று நினைத்துத்தானே அவன் அதை ஒதுக்கினான்? திருவக்கரைப் பக்கம் யாராவது அவனை அழைத்து வந்திருந்தால் அந்தக் கல்வெட்டில் ஒரு வார்த்தையைக் குறைத்திருப்பானோ என்று ராத்திரி எல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தப்படி அடுத்து அவருடைய தோட்டம்: ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் சேர்த்துத் தொடங்கிய ஊர் என்பதும், மாத்ரிமந்திரைச் சுற்றிப் பன்னிரண்டு தோட்டங்கள் என்பதும் சுற்றுலாப் புத்தகம் எல்லாம் சொல்வதே. நாங்கள் போனது தாவரவியல் பூங்காவுக்கு, ஐம்பது ஏக்கர். மழை செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த பொட்டலில் வரப்புப் போட்டு, தண்ணீரை நிறுத்தி, இந்தக் கடலோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடித் தேடி நட்டிருக்கிறார்கள். வீரை, கருங்காலி என்று அவர் மரம் மரமாக நின்றார். ஓடை அரித்த கரை ஒன்றில் நான் நின்றேன். சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கு அடுக்காக அதே கடலூர் மணற்கல்.

"இது என் கணக்குல சேருதுங்க" என்றேன். பதிலே வரவில்லை. ஏதோ கன்று வாங்க விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

செஞ்சிக்கு வருகிறேன். திருவக்கரையை ஒட்டி ஓடும் சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. அதற்குச் செஞ்சியாறு என்றே ஒரு பெயர் உண்டு. அந்த ஆற்றை எதிர்த்து மேலே போனால் போதும், அடுத்த வாரம் ராஜகிரி அடிவாரத்தில் இருப்போம். முகலாயப் படை ஏறக்குறைய எட்டு ஆண்டு சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் எப்படி இருந்தான், 2025 ஜூலையில் யுனெஸ்கோ மகாராஷ்டிரத்தின் பதினோரு கோட்டைகளோடு நம்முடைய இந்த ஒன்றை மட்டும் ஏன் சேர்த்தது, கல்யாண மகாலில் யாருக்குக் கல்யாணம் எல்லாம் அங்கே. ஏறப்போகிறவர்கள் காலையிலேயே தொடங்கிவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்தப் படிகளில் கை வைக்க முடியாது. தேசிங்குராஜன் கதையும் உண்டு. ஆனால் நான் பிடித்துக்கொள்ளப் போவது அவனுடைய ராணியை. 1714இல் புருஷன் போரில் மடிந்ததும் அந்தப் பெண் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக ஆற்காட்டுப் பக்கத்தில் ராணிப்பேட்டை என்று ஓர் ஊரையே உண்டாக்கியவர், அவள் புருஷன் மீது படையெடுத்து வந்த நவாப் சாதத்துல்லா கான் என்று சொல்வார்கள்.