குரைக்கக் கூடாத நாய்

திருடனைத் தேடும் நாயும் வெடிகுண்டு தேடும் நாயும் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்களா? இல்லீங்க, இரண்டுக்கும் படிப்பே வேறு! குவாலியர் பக்கம் டேகன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ல் தொடங்கிய பயிற்சி மையத்தில் பல மாநிலப் போலீஸ் நாய்களும் படிக்கின்றன.

குட்டியைப் பொறுக்கும்போது அழகைப் பார்ப்பதில்லை. பாத்திரம் 'டமால்' என்று விழுந்தால் பதுங்குகிறதா, எட்டிப் பார்க்கிறதா? ஒளித்து வைத்த பந்தை விடாமல் தேடுகிறதா? அப்படிப்பட்ட குட்டிதான் வேண்டும்.

ஏனென்றால் பயிற்சியே அதற்கு ஒரு விளையாட்டு. வெடிமருந்து வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும்! ஆனால் கண்டுபிடித்ததும் குரைக்கக் கூடாது, காலால் பிறாண்டவும் கூடாது; குண்டு வெடித்துவிடலாமே! சத்தமில்லாமல் அப்படியே உட்கார வேண்டும். (நம் வீட்டு வாண்டுகளை ஒரு நிமிஷம் உட்கார வையுங்களேன், பார்ப்போம்!)

சோறு போட்டு, ரோமம் சீவி வளர்க்கும் போலீஸ்காரரும் அதே வகுப்பில் மாணவர்தான். வாலும் காதும் சொல்வதை அவர் படிக்கணுமே!