செவிச் சிற்றெலும்புகளும் கேள்வி மீட்பும்

நெடுநாள் சீழ் வடிந்த செவியில் அறுவை செய்தபின் சீழ் நின்றுவிடுகிறது. ஆயினும் கேள்வி முழுமையாகத் திரும்பவில்லையே எனப் பலர் வினவுவர். நோயை நீக்குவதும் ஒலிக்கு வழி அமைப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதே இதற்கு விடையாகும்.

செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையே சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் அமைந்துள்ளன. செவிப்பறையின் அகன்ற பரப்பில் விழும் ஒலியழுத்தம் அங்கவடியின் சிறிய அடித்தட்டை எட்டும்போது ஏறக்குறைய 22 மடங்காகிறது. சீழ்நோயினால் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுவது பட்டடையே. செவிப்பறை முழுமையாயிருந்தும் சங்கிலி அறுமாயின், கேள்விக் குறைவு 60 டெசிபெல் வரை செல்லக்கூடும்.

1950களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைன், சோல்னர் ஆகியோர் நடுச்செவிச் சீரமைப்பு அறுவைக்கு அடிகோலினர். இன்று பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா செவி-மூக்கு-தொண்டை நிலையம் போன்ற அரசு நிலையங்களை நாடும் எளியோர்க்குச் செலவும் ஒரு கேள்வியே. ஆதலின் முறைகளை ஒப்பிட்டறிதல் நன்று.

முதலாவது, நோயாளியின் பட்டடையையே செதுக்கிப் பொருத்துதல். இதற்குப் பொருட்செலவில்லை, உடல் இதனை வெளித்தள்ளுவதும் அரிது. ஆனால் எலும்பு மிக அரிக்கப்பட்டிருப்பினும், நோய் அதில் ஒளிந்திருக்கக் கூடுமெனினும் இது பயன்படாது. இரண்டாவது, செவிமடலின் குருத்தெலும்பு. இது எளிதிற் கிடைப்பது. எனினும் நாளடைவில் மென்மையுற்று வலுவிழக்கலாம். மூன்றாவது, டைட்டானியத்தாலான செயற்கை எலும்பு. இது எடை குறைந்தது, பொருத்துதற்கு எளிது, ஆனால் விலை மிகுந்தது. செவிப்பறையைத் துளைத்து வெளிவராதிருக்க, இடையே குருத்தெலும்புத் தகடு வைக்கப்படும்.

எப்பொருளைக் கையாளினும், பயனைப் பெரிதும் நிர்ணயிப்பவை அங்கவடி எஞ்சியிருத்தலும், நடுச்செவியில் நோயின்றிக் காற்று உலவுதலுமேயாகும். செவிவழிக் கேள்விக்கும் எலும்புவழிக் கேள்விக்கும் உள்ள வேறுபாடு 20 டெசிபெலுக்குள் அடங்கினால் அறுவை நற்பயன் தந்ததாகக் கொள்வர். எலும்பை அரிக்கும் தோல்திரட்சி நோயில், நோயை முற்றும் அகற்றுவதே முதற்கடன். கேள்விச் சீரமைப்பைச் சில மாதங்கள் கழித்து இரண்டாம் அறுவையில் செய்வதும் உண்டு.

எனவே, ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது யாது? சீழ் வடியும் குழந்தையைக் கண்டவுடன் மருத்துவரிடம் அனுப்புக. செவியில் எண்ணெய் ஊற்ற விடாதீர். நீர் புகாது காக்கச் செய்க. வகுப்பில் அக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்தி, முகம் நோக்கிப் பேசுக. சிற்றெலும்புகள் அரிபடுமுன் நோயைத் தடுப்பது எவ்வகை அறுவையினும் சிறந்ததாகும்.